போய்ச் சேர்ந்த பிறகு: வெளிநாட்டு மாணவர் ஊழியத்தில் அன்றாடப் பாடு

வழியனுப்பு ஆராதனையில் பொன்னாடை போர்த்துவார்கள். ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பெண்கள் ஐக்கியம் ஒரு கவர், வாலிபர் சங்கம் ஒரு கவர். பெரியத்தை முறுக்கு டப்பாவோடு வந்து நின்று மூக்கை உறிஞ்சுவாள். எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். கவுன்சில் டாக்ஸ் என்று ஒன்று இருப்பதை மட்டும் ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

அழைப்பு, பயிற்சி, அனுப்பும் சபை, அழைக்கும் அமைப்பு இவற்றையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். விமானம் இறங்கிய மறுநாள் காலையிலிருந்து என்ன செய்வது என்பதுதான் இனி. நான் இருந்தது வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நகரம், இரண்டு ஆண்டு. ஆகவே உதாரணமெல்லாம் பிரிட்டனாகவே இருக்கும். ஜெர்மனிக்கோ தாய்லாந்துக்கோ போகிறவர்கள் சட்டத்தை அந்தந்த நாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். வயிறும் மனசும் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

பெட்டி

நாங்குநேரிக்காரருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் வசதி. நாகர்கோவில் வழியாகக் காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் நிதானமாகப் போய்ச் சேரலாம். சென்னைக்கு ரயிலேறி, அங்கே சொந்தக்காரர் வீட்டில் பெட்டியைப் பிரித்து மறுபடி அடுக்கும் பாடு மிச்சம்.

பாலில் செய்ததும் இறைச்சியில் செய்ததும் பெட்டியில் இருக்கக் கூடாது. பிரிட்டனுக்குள் தனிப்பட்ட சாமானாகக்கூட அவற்றைக் கொண்டுபோக அனுமதி இல்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, திரட்டுப்பால், வீட்டு நெய், ஆட்டுக்கறி ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். செடிகொடிக்கெல்லாம் நோயில்லை என்ற சான்று கேட்பார்கள். நெய் சொட்டும் அல்வாவைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அம்மா அரைத்த குழம்புப் பொடி, இட்லிப் பொடி, காயவைத்த வத்தல் போதும். அரிசி, பருப்பு, புளி எல்லாம் அங்கே கிடைக்கும். இலங்கைத் தமிழர் கடை ஒன்று அருகில் இருந்துவிட்டால் உறைய வைத்த முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கும்.

காகிதத்தில் இரண்டு விஷயம். இந்தியக் காவல்துறையின் தடையில்லாச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா மூலம் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். மாணவர் நடுவில் வேலை என்றால் அங்கே இதைக் கேட்பார்கள். போய்ச் சேர்ந்தபின் இங்கிருந்து எடுப்பது பெரும்பாடு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்கான விசா என்றால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அதை அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டுமே எடுக்க முடியும். நம்ம ஊர் எக்ஸ்ரே செல்லாது. விசா இப்போது அட்டையாக வருவதில்லை, இணையக் கணக்காகத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஊரில் யாராவது ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தத் துண்டுச்சீட்டின் அருமை தெரியும்.

வீடு

மாணவர் ஊழியம் என்றாலே மாணவரோடு தங்கவேண்டும் என்ற ஆசை வரும். நல்ல ஆசைதான். நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் ஐந்தாவது அறை காலி என்று சொன்னார்கள், வாடகையும் மலிவு, கர்த்தர் வழி திறந்தார் என்று ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

கவுன்சில் டாக்ஸ் என்பது நம்ம ஊர் வீட்டு வரி போல உள்ளாட்சிக்குக் கட்டுவது. ஆனால் வீட்டில் குடியிருப்பவர் கட்டவேண்டும். குடியிருக்கும் அத்தனை பேரும் முழுநேர மாணவர் என்றால் அந்த வீட்டுக்கு வரி கிடையாது. மாணவர் அல்லாத ஒருவர் நுழைந்தால் போதும், வீட்டுக்கு வரி வந்துவிடும். கால் பங்கு தள்ளுபடி போக மீதி முக்கால். நான் பெட்டியை இறக்கிய மூன்றாம் மாதம் அந்த வீட்டு விலாசத்துக்குப் பில் வந்தது. நால்வரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையலறை மேசையில் பில்லை விரித்து, அதன்மேல் உப்பு டப்பாவைப் பாரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த உப்பு டப்பாவை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முழுத் தொகையையும் நானே கட்டினேன். நியாயமும் அதுதான்.

ஆகவே மாணவர் வீட்டில் அறை எடுப்பதானால், முதல் நாளே அந்த வரி என் தலையில் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அல்லது சபைக்காரர் வீட்டில் ஓர் அறையில் தங்குங்கள். தனியே இருக்கும் வயதான அம்மாக்கள் பலர் அறை தர முன்வருவார்கள். என் இரண்டாம் ஆண்டு அப்படித்தான் கழிந்தது. ஆங்கிலமும் தோட்ட வேலையும் அங்கேதான் படித்தேன்.

வீடு அமைந்த வாரமே பக்கத்து ஜி.பி. மருத்துவரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்தபின் போனால் படிவம் நிரப்பவே தெம்பு இருக்காது. விசா வாங்கும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டியிருப்பீர்கள். கட்டியதைப் பயன்படுத்த வெட்கம் எதற்கு? உயிர்போகிற அவசரத்துக்கு 999. அதற்குக் கீழே உள்ளதற்கெல்லாம் 111.

அடுப்பு

டிசம்பர் மாதம். பல்கலைக்கழக விடுதி ஒன்றில் வேதபாட முடிவில் எல்லாருக்கும் சாம்பார் சாதம் என்று அறிவித்திருந்தேன். விடுதிப் பொதுச் சமையலறை. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டேன், வத்தல் கிள்ளிப் போட்டேன். வத்தல் கறுத்து நெடி எழும்பி மேலே போன கணம் கூரையிலிருந்து ஒரு கூவல். ஒரு சமையலறையில் அல்ல, நாலு மாடியும் கூவியது. பத்து நிமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரவு உடையில், சிலர் வெறுங்காலில், கார் நிறுத்துமிடத்தில் பனிக்காற்றில் நடுங்கி நின்றார்கள். நடுவில் நான், கையில் கரண்டியோடு. தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய மனிதர் என்னையும் பார்த்தார், கரண்டியையும் பார்த்தார். "கறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த வியாழன் வேதபாடத்துக்கு வழக்கமாக வரும் ஒன்பது பேரோடு புதிதாக ஆறு பேர் வந்தார்கள். எங்களைக் குளிரில் நிறுத்திய அந்தச் சாப்பாடு எது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் அதன்பின் வருவதை நிறுத்தவில்லை.

தாளிப்பதென்றால் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். வத்தலை எண்ணெயில் அல்ல, குழம்பு கொதிக்கும்போது நேரே போட்டாலும் பெரிய குற்றமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். புகைமணியைத் துணியால் மூடும் தந்திரத்தை நம்மவர்கள் காதோடு காதாகச் சொல்லித்தருவார்கள். அது அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். செய்யவே செய்யாதீர்கள்.

சமையலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே.ச. அசரியா, ஆயராவதற்கு முன் முழுநேர மாணவர் ஊழியராக இருந்தவர். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 1896-ல் மாணவர் ஊழியத்துக்காக அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து தமிழ் படித்த ஷெர்வுட் எடி அவருடைய உற்ற தோழர். அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போய், அங்கே மாணவர்கள் சொந்தமாக மிஷனரிச் சங்கம் நடத்துவதைப் பார்த்துத் திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1907-ல் உலகக் கிறிஸ்தவ மாணவர் கூட்டமைப்பின் மாநாட்டுக்காக டோக்கியோ போனார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேச எழுந்தபோது, மேல்நாட்டார் செய்த தியாகத்தையும் கொடுத்த பணத்தையும் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார். கூடவே உழைக்கும் இந்தியரைச் சமமாகப் பக்கத்தில் உட்காரவைக்க மிஷனரிகளுக்கு மனம் வரவில்லை என்பதுதான் அவர் குறை. கேட்டவர்களில் பலருக்கு அது உறைத்தது, சிலருக்குக் கோபமே வந்தது.

இன்றைக்கு அனுப்பப்பட்டவர் நாம். அந்தக் குறையை இப்போது நம்மைப் பார்த்து வைக்கலாம். மேடையில் நாற்பது நிமிடம் பிரசங்கிக்க நமக்குத் தெரியும். ஒரு நைஜீரிய மாணவன் வைத்த ஜொல்லோஃப் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரியுமா? "எனக்கு இது ஒத்துக்காது" என்று தட்டை நகர்த்தும் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். சமைத்துக் கொடுப்பது சுலபம்; கொடுப்பவனாகவே இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுவதுதான் கஷ்டம். மாதத்தில் நாலு முறை நீங்கள் சமைத்தால் நாலு முறையாவது அவர்கள் சமையலைச் சாப்பிடுங்கள். மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அதை யாரும் தவறாக எடுப்பதில்லை. வந்து உட்கார்ந்தபின் முகத்தைச் சுளிப்பதுதான் தப்பு.

பேச்சு

நமக்கு ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துப் போகிறோம். அதுதான் முதல் தடுக்கல். தமிழ் தெரியாது என்று நினைத்து வந்த மிஷனரிகள் நம்ம மண்ணில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ரேனியஸ் ஐயர் தமிழுக்கு இலக்கணமே எழுதினார். நாங்குநேரிக்குத் தென்கிழக்கே இடையன்குடியில் குடியிருந்த கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணம் 1856-ல் வந்தது. நாங்குநேரி வட்டத்திலேயே உள்ள டோனாவூரில் பின்னாளில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் தமிழோடு மல்லுக்கட்டியபோது அவருக்குத் துணைநின்று சொல்லித்தந்தவர் இன்னொரு மிஷனரி, தாமஸ் வாக்கர். இவர்களெல்லாம் முன்ஷியின் முன்னால் குழந்தைபோல் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். நாமோ கான்வென்ட் ஆங்கிலத்தோடு இறங்கி, முதல் நாளே போதிக்கத் தொடங்குகிறோம்.

வந்த இரண்டாம் வாரம் சபையில் ஒரு குடும்பம் "ஆறு மணிக்கு டீ குடிக்க வாங்க" என்றது. டீதானே என்று ஐந்தரை மணிக்கு வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வட இங்கிலாந்தில் பலருக்கு டீ என்றாலே ராத்திரிச் சாப்பாடு. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி, அதன்மேல் ஒரு பெரிய இனிப்பு. அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பிட்டேன். அன்று இரவு நடந்ததை எழுத வேண்டாம்.

"ஆல்ரைட்?" என்று கேட்டால் உங்கள் உடம்பை விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார்கள். நின்று தலைவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்காதீர்கள். "சுவாரசியமான கருத்து" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். "முடிந்தால் செய்யலாம்" என்று சொன்னால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

அண்ணன், அக்கா, ஐயா, சார் இவற்றைக் கழற்றி வைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பதினெட்டு வயதுப் பையன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனால் அந்த வித்தியாசம் அழைப்பதோடு முடியவில்லை. நம்ம ஊர் யு.இ.எஸ்.ஐ. மாணவர் ஐக்கியக் கூட்டத்திலும் மாணவர்தான் தலைவர் என்பது கொள்கை. 1954-ல் அது தொடங்கியது முதலே அப்படித்தான். நடைமுறையில் பட்டதாரி அண்ணன் ஒரு பார்வை பார்த்தால் தீர்மானம் மாறிவிடும். அங்கே மாறாது. கூட்டத்துக்கு யாரைப் பேச்சாளராக அழைப்பது என்று இருபது வயதுப் பெண் தீர்மானிப்பாள். உங்கள் யோசனையைக் கேட்பாள். வேண்டாம் என்றும் சொல்வாள். முதல் பருவம் முழுக்க நான் உள்ளுக்குள் பொருமினேன். பேச்சாளரைக் குறிப்பதற்கு அல்ல, அவர்கள் கூடும் அறையில் நாற்காலி அடுக்குவதற்கு நான் வந்திருக்கிறேன் என்று புரிய ஓராண்டு ஆயிற்று. செப்டம்பர் கடைசியில் புதிய மாணவர் வாரம் வரும். வருடத்தின் முக்கிய வாரம் அது. அந்த வாரம் நாற்காலி அடுக்க ஆள் ரொம்ப தேவைப்படும்.

எந்த ஊர் என்று கேட்டால்

"இந்தியாவில் எங்கே?" என்பார்கள். நாங்குநேரி என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது எல்லாருடைய கையிலும் போன் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பேரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

வானமாமலைப் பெருமாள் கோயில் வரும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று, அபிஷேக எண்ணெயை ஊற்றிவைக்கும் கிணறு உள்ள கோயில். பெரிய குளம் வரும். அதோடு 2023 ஆகஸ்டும் வரும்: பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய செய்தி. தலித் குடும்பம், சாதி வன்மம். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரை எல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்கும்.

ஒரு கொரிய மாணவி அதைப் படித்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெட்டியவர்களும் மாணவர்களா?" என்றாள். அந்த நேரத்தில் என் வாயில் வந்த பதில்: எங்கள் ஊர் அப்படியில்லை, எங்கோ ஒன்று நடந்தது, அரசியல். நல்லவேளை, பாதியில் நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊர் அப்படியும்தான். மாணவர் ஊழியத்துக்கென்று போன நான், என் ஊர் மாணவர் கையில் அரிவாள் வந்தது எப்படி என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் இருந்தேன். ஆமாம், மாணவர்கள்தான் என்றேன். சபைகளிலும் சாதி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன், கல்லறைத் தோட்டம் வரை உண்டு.

உங்களுக்குச் சொல்வது: ஊரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். ஊரைப் பழித்துக் கைதட்டு வாங்கவும் வேண்டாம். அதற்கும் அங்கே சந்தை இருக்கிறது. கோயிலைப் பற்றியும் சொல்லுங்கள், குளத்தைப் பற்றியும் சொல்லுங்கள், அரிவாளைப் பற்றியும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அங்கே நம்மவர் கூடும் தமிழ் ஐக்கியங்களில் "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி வரும். நாங்குநேரி என்றதும் "நாங்குநேரியில எங்க? அப்பா பேரு?" என்று அடுத்த கேள்வி. மூன்றாவது கேள்வியில் எங்கே வந்து நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே முதல் கேள்வியிலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். உயர் படிப்புக்கு வந்திருக்கும் தலித் பிள்ளை ஒருத்தி இந்த மூன்று கேள்விக்குப் பயந்தே தமிழ் ஐக்கியத்துக்கு வராமல் இருந்தாள். ஆங்கில வேதபாடத்துக்கு மட்டும் வருவாள். ஏன் என்று எனக்குச் சொல்ல அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கடிதம்

மாதம் ஒரு ஜெபக்கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பீடி சுற்றிய கூலியில் மாதம் நூறு ரூபாய் தரும் அக்காவும் அதைப் படிப்பார், களக்காட்டில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் மூப்பரும் படிப்பார். இருவருக்கும் புரியும்படி எழுதுங்கள்.

ஆனால் மாணவர் பெயர் வேண்டாம். படமும் வேண்டாம். நாட்டின் பெயரும் படிக்கும் பாடமும்கூடச் சேர்ந்து வரக் கூடாது. இதை என் தவறிலிருந்து சொல்கிறேன். மேற்காசியாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இரண்டு முறை வேதபாடத்தில் உட்கார்ந்தார். மகிழ்ச்சி தாங்காமல் ஊர் வாட்ஸ்அப் குழுவில் முதல் பெயரையும் நாட்டையும் போட்டு ஜெபிக்கக் கேட்டுவிட்டேன். குழுவிலிருந்து குழுவுக்குப் போய், யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட, மூன்று வாரத்தில் அது அதே நகரத்தில் உள்ள வேறொருவர் போனுக்கு வந்து சேர்ந்தது. அந்த மாணவர் என்னிடம் கோபப்படவில்லை. வருவதை நிறுத்திவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை என்னைக் கண்டு எதிர்ச் சாலைக்குக் கடந்து போனார். அவர் ஊரில் அவருடைய வீட்டாருக்கு அது தெரிந்ததா, தெரியாதா? கேட்கக்கூட எனக்கு வழியில்லை.

ஆகவே 'ஒரு மாணவர்' என்று மட்டும் எழுதுங்கள். ஊரில் சாட்சி சொல்ல எண்ணிக்கையும் பெயரும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் இவன் அங்கே என்னதான் செய்கிறான் என்றும் கேட்பார்கள். கேட்கட்டும்.

பணம்

முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பீர்கள். ஒரு காப்பி மூன்றரை பவுண்டு. மனசு உடனே நானூறு ரூபாய் என்று சொல்லும். அந்தப் பீடி சுற்றும் அக்காவின் நாலு மாதக் காணிக்கை. காப்பி கசக்கும். பெருக்குவதை நிறுத்துங்கள் என்று பலர் சொன்னார்கள். முழுதாக நிறுத்தாதீர்கள் என்பது என் கட்சி. கணக்கு மறந்தால் ஊரும் மறக்கும். ஆனால் மாணவரோடு பேச உட்காரும் காப்பிக்கு மட்டும் பெருக்க வேண்டாம். அது உங்கள் அலுவலக வாடகை.

போகும் முன் ஊர் வங்கியில் சொல்லி உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் சாதாரணக் கணக்கை அப்படியே வைத்திருப்பது சட்டப்படி சரியல்ல. ஊர்ச் சபை அல்லது அறக்கட்டளை உங்களுக்கு நேரே பணம் அனுப்ப முன்வந்தால் முதலில் தணிக்கையாளரைக் கேட்கச் சொல்லுங்கள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் விலக்கு கிடைக்காது.

இனி தலைகீழ்ப் பயணம். நீங்கள் போன ஆறாம் மாதம் ஊரிலிருந்து போன் வரும்: "கோபுர வேலை பாதியில நிக்கி. அங்க உள்ள வெள்ளக்காரங்ககிட்ட சொல்லி ஏதாச்சும்." இந்த இடத்தில் கவனம். இந்தியக் குடிமகனாகவே இருக்கும் நீங்கள், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் உங்கள் சபைக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) வராது. ஆனால் பிரிட்டிஷ் நண்பர் ஒருவர் நூறு பவுண்டு கொடுத்து, அதை உங்கள் கணக்கு வழியாக நீங்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையேதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. அங்கே குடியுரிமை எடுத்துவிட்ட நம்ம ஊர்க்காரர் கொடுத்தாலும் அதே சட்டம்தான். அவர் முறுக்கும் சீடையும் சாப்பிடுகிறவர் என்பது கணக்கில் வராது. நல்ல மனசோடு செய்து ஐயரை விசாரணையில் மாட்டிவிடாதீர்கள். ஊர்க்காரர் முகம் வாடும். வாடட்டும்.

நவம்பர்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து ஊருக்கும் அங்கேயும் ஐந்தரை மணி வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி நாலரை ஆகும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நாங்குநேரி வெயிலில் வளர்ந்த உடம்பு அதை ஒத்துக்கொள்ளாது. காரணமில்லாமல் அழுகை வரும், படுக்கையை விட்டு எழுந்திருக்கத் தோன்றாது, ஜெபம் ஓடாது. ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நினைத்து நான் உபவாசம் இருந்தேன்; இன்னும் மோசமாயிற்று. வீட்டுக்கார அம்மாதான் மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இலையுதிர், குளிர் காலங்களில் எல்லாருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அந்நாட்டு அரசே சொல்கிறது. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு வருடம் முழுக்கவே சொல்கிறது. மாத்திரை விலை மலிவுதான். மத்தியானம் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருட்டு உள்ளேயும் தங்கிவிட்டால் ஜி.பி.யிடம் போங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த நவம்பரில் அங்கே வரச்சொல்லுங்கள்.

ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1951-ல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து 'அம்மை' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். நாங்குநேரிப் பிள்ளைகள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். பெரிய வாழ்க்கை. ஆனால் லீவு எடுக்காத அந்த வழக்கத்தை மட்டும் முன்மாதிரியாக எடுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வாருங்கள். விமானக் கட்டணத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாக எடுத்துவையுங்கள். வந்தால் சபை சபையாகப் பேசக் கூப்பிடுவார்கள். முதல் பத்து நாள் எங்கும் பேச ஒத்துக்கொள்ளாதீர்கள். தூங்குங்கள். அம்மாவோடு சந்தைக்குப் போங்கள்.

பணி முடிந்து கடைசியாகக் கிளம்பும்போது பாத்திரங்களை அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டு வரலாம். நான் குக்கர், தோசைக்கல், கரண்டி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, எது எதற்கு என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். அந்தக் குக்கருக்கு கேஸ்கட் தேய்ந்துவிட்டது. அந்த அளவு அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. போகிறவர்கள் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடையில் ஐந்து லிட்டர் குக்கருக்கு என்று கேட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்களுக்குப் பின் வருபவருக்கு.